நல்ல மாதிரி

ஜனவரி 8

என் கட்டிக்கு,

பாட்டி எழுதுவது. முதலில் வீட்டுப் பிள்ளைகளின் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உன் பெரியப்பா மகன் வங்கியில் ஒரு படி ஏறிவிட்டான். இப்போது அவனுக்குத் தனி அறை, கதவில் அவன் பெயர். அவன் தங்கை ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் ஆகிவிட்டாள். டாக்டர்களே அவளைக் கேட்டுத்தான் எதையும் செய்கிறார்களாம். இது அவள் சொன்னது, நான் கூட்டிச் சொல்லவில்லை. உன் அத்தை மகன் கப்பலில் இயந்திரம் பார்க்கிறான். பேருந்தில் ஏறினாலே வாந்தி எடுத்த பயல். அவன் தம்பி மூன்றாவது தடவை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டான். எத்தனையாவது தடவையானால் என்ன, பாஸ் பாஸ்தான். உன் தம்பிக்கு ஓட்டப் பந்தயத்தில் கோப்பை; அதில் இப்போது பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

எல்லாருக்கும் மேலே நீ. தெருவில் யார் கேட்டாலும் "எம் பேத்தி மண் டாக்டர், மண்ணுக்கும் தண்ணிக்கும் என்ன சீக்குன்னு பாத்துச் சொல்லிடுவா" என்கிறேன். சுவரோரம் உட்கார்ந்து மண்ணைத் தின்று அடி வாங்கியவள் நீ. உன் தாத்தா மண்ணாங்கட்டி என்று கூப்பிட்டது தேய்ந்துதான் கட்டி ஆனது. வெளியாட்கள் வெல்லக்கட்டி என்று நினைக்கிறார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும்.

இங்கே உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. பக்கத்துப் பெட்ரோல் பங்கை மூடிவிட்டார்கள். தாத்தா முப்பது வருஷம் பெட்ரோல் போட்ட இடம். பூமிக்கு அடியில் இருந்த தொட்டிகளைத் தோண்டி எடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு, துருவேறி, அடியில் ஓட்டை விழுந்து கிடந்தது. குழியில் மணலைக் கொட்டி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். தூசி இன்னும் அடங்கவில்லை, பெருக்கிப் பெருக்கிக் கை ஓய்ந்துவிட்டது.

பின்கட்டில் குடியிருக்கும் தையல்காரி, கைக்குழந்தைக்காரி, நம் அடிபம்புத் தண்ணீர் "ஒரு மாதிரி இருக்கு பாட்டி" என்கிறாள். உன் மூக்கைத்தான் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

கூடத்துச் சுவரில் உன் படம் மட்டும் ரிப்பன் கட்டிய பள்ளிக்கூடப் படம். புதிதாக ஒன்று அனுப்பு. வெள்ளைக் கோட்டுப் போட்டு எடுத்தது இருந்தால் நல்லது.

உன் பாட்டி

*

ஜனவரி 27

அன்புள்ள பாட்டிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதீர்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை, தூக்கம்தான் கடன். வாரம் ஒரு ஊர். போய்ச் சேர்ந்தால் குழாய் இறக்குவது, மண் எடுப்பது, தண்ணீர் எடுப்பது, பெட்டியை மூடுவது, அடுத்த ஊர்.

தொட்டியில் ஓட்டை இருந்தது என்று எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தண்ணீர் ஒரு மாதிரி இருக்கிறது என்றால் எப்படி? நிறமா, வாடையா? குழந்தைக்கு இப்போதைக்குத் தெருமுனைக் குழாய்த் தண்ணீரையே கொடுக்கச் சொல்லுங்கள்.

பேருந்துப் பார்சலில் ஒரு பெட்டி வரும். உள்ளே விரல் நீளத்தில் கண்ணாடிப் பாட்டில்கள் இருக்கும். பம்புத் தண்ணீரில் நல்ல மாதிரியாக எடுத்து, ஐஸ் கட்டி வைத்து, அதே பெட்டியில் திருப்பி அனுப்புங்கள். எப்படி எடுப்பது என்று உள்ளே சீட்டு இருக்கிறது. என் வேலைக் கணக்கில் வராத சோதனை. எங்கள் லேப் அண்ணனிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

விளக்கமாக எழுத நேரமில்லை, வண்டி வந்துவிட்டது.

கட்டி

*

பிப்ரவரி 9

என் கட்டிக்கு,

இங்கே கால்வலி தவிர எல்லாம் வழக்கம்போல. நீ நேரத்துக்குச் சாப்பிடு. தூக்கத்தைக் கடன் வைக்காதே, உடம்பு வட்டி கேட்கும்.

பெட்டி வந்தது. சீட்டில் எழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருக்கிறது, என் கண்ணாடிக்கு அகப்படவில்லை. அதனால் என்ன, உன் கடிதத்தில்தான் தெளிவாக எழுதியிருக்கிறாயே, நல்ல மாதிரியாக என்று. எனக்கு மாதிரி என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டாம். நான் படித்தது மாதிரிப் பள்ளி. ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள், ஆனால் அந்த வருஷம் முழுக்க வகுப்புச் சுவரில் தொங்கியது என் கையெழுத்து. மேலே 'மாதிரி' என்று சிவப்பு மசியில் டீச்சர் எழுதி ஒட்டியிருந்தார். மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுத வேண்டும்.

உன் ஆபீசில் நாலு பேர் பார்க்கிற சாமான். இந்த வீட்டுத் தண்ணீரை யாரும் ஒரு சொல் சொல்லிவிடாதபடி அனுப்பியிருக்கிறேன். நிம்மதியாகப் பார். வாடையா என்று கேட்டாய். எனக்கு வாடை எதுவும் தெரியவில்லை.

தையல்காரி தெருமுனைக்குப் போய்த் தண்ணீர் சுமக்கிறாள். பிள்ளை பெற்ற உடம்பு, பார்க்கப் பாவமாக இருக்கிறது. படம் கேட்டேனே.

உன் பாட்டி

*

மார்ச் 3

அன்புள்ள பாட்டிக்கு,

முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? நான் சளியோடு அலைகிறேன், பயப்படும்படி இல்லை.

நல்ல செய்தி. உங்கள் தண்ணீரில் எதுவும் இல்லை. பெட்ரோல் சம்பந்தப்பட்ட எதுவும், ஒரு துளிகூட. லேப் அண்ணன் அறிக்கையை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன், அதை இத்துடன் வைத்திருக்கிறேன். வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. ஓட்டைத் தொட்டிக்கு இவ்வளவு பக்கத்தில் இத்தனை சுத்தமாக நான் பார்த்ததில்லை. உங்கள் அதிர்ஷ்டம்.

மலைப் பக்கம் ஒரு வேலை, திரும்பத் தாமதமாகும்.

கட்டி

*

மார்ச் 18

என் கட்டிக்கு,

சளிக்கு மிளகைத் தட்டிப் போட்டு வெந்நீர் குடி. என் கால் பரவாயில்லை. சந்தோஷத்தில் வலி மறந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

உன் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிவிட்டேன். கீழே உன் கையெழுத்து, பக்கத்தில் ரப்பர் முத்திரை. மளிகைக் கடைக்காரர் நின்று முழுதும் படித்தார். "பாட்டி, இதுல ஒண்ணுமே இல்லைன்னு பன்னெண்டு தடவ எழுதியிருக்கு" என்றார். "எம் பேத்தி எதையும் ஒரு தடவையோட விடமாட்டா" என்றேன். எதிர்வீட்டு லாரி டிரைவரின் மனைவி குடத்தோடு வந்துவிட்டாள். "டாக்டரம்மா பாத்த தண்ணி, எங்களுக்கும் ஒரு கொடம் குடுங்க" என்றாள். இப்போது எதிர்வரிசை முழுக்க நம் பம்பில்தான். கைப்பிடி ஓய்வதே இல்லை.

தையல்காரியும் தெருமுனைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். குழந்தையின் பால்மாவுக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை சுத்தமான தண்ணீருக்கு எதற்கு அடுப்பு, கேஸ்தான் வீண் என்று நானே சொல்லி நிறுத்தினேன்.

வருகிறவர்கள் எல்லாரும் டாக்டரம்மா யார், படம் எங்கே என்று கேட்கிறார்கள். ரிப்பன் படத்தைக் காட்ட வெட்கமாக இருக்கிறது.

உன் பாட்டி

*

ஏப்ரல் 1

பாட்டி,

உடம்பு விசாரிப்பெல்லாம் அடுத்த கடிதத்தில். இன்றுதான் திரும்பினேன், உங்கள் கடிதத்தை இப்போதுதான் படித்தேன். என் மேசையில் லேப் அண்ணன் ஒரு துண்டுச்சீட்டும் வைத்திருந்தார். மாதிரி கெடாமல் இருக்க, அந்தப் பாட்டில்களுக்குள் இரண்டு சொட்டு அமிலம் விட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். திரும்பி வந்த பாட்டில்களில் அது இல்லை என்பதை அறிக்கை கொடுத்த பிறகுதான் கவனித்தாராம்.

பாட்டிலைக் கழுவினீர்களா? உள்ளே என்ன தண்ணீரை ஊற்றினீர்கள்?

மளிகைக் கடைக்குப் போன் செய்தேன். உங்களைக் கூப்பிட ஆள் போனார், கால்வலி, வர முடியாது என்று சொல்லிவிட்டீர்களாம். பம்புத் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம் என்று கடைக்காரரிடமே சொன்னேன். சிரிக்கிறார். "ஒங்க கையெழுத்துப் போட்ட காயிதத்தத்தான் தெனம் படிக்கிறோமேம்மா" என்கிறார்.

உடனே பதில் போடுங்கள்.

கட்டி

*

ஏப்ரல் 15

அன்புள்ள பாட்டிக்கு,

பதில் இல்லை. உங்கள் உடம்புக்கு ஏதுமா என்று ஒரு பயம், உடம்புக்கு ஏதும் இல்லாமலே எழுதவில்லையோ என்று இன்னொரு பயம்.

கடைக்கு மறுபடி போன் செய்தேன். கோபமாக இருக்கிறீர்கள் என்றார். நான் உங்கள்மேல் கோபப்படவில்லை. தப்பு என் எழுத்தில். "நல்ல மாதிரியாக எடுங்கள்" என்று அவசரத்தில் எழுதிவிட்டேன். எங்கள் வேலையில் மாதிரி என்றால் சுவரில் ஒட்டுகிற மாதிரி இல்லை, பாட்டி. இருப்பதில் சிறந்தது இல்லை. இருப்பது எதுவோ, அதில் ஒரு வாய். அழுக்கென்றால் அழுக்கு, நாற்றமென்றால் நாற்றம். சீட்டை நீங்கள் படிப்பீர்களா என்றுகூட நான் யோசிக்கவில்லை. அந்தச் சீட்டை எனக்கே படிக்கக் கஷ்டம்.

நீங்கள் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்திருந்தால் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். நாங்கள் தேடுவதே அதைத்தான். அப்படியானால் கொதிக்கவைத்துக் குடிக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். கூடாது. ஆவி சமையலறைக்குள்தான் சுற்றும், மிச்சம் பாத்திரத்தில் இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. வெள்ளைக் கோட்டு கிடையாது. குழாய் இறக்குகிறவர்களோடு சேற்றில் நின்று பாட்டில் பிடிக்கிறவள். பெரிய அறிக்கையெல்லாம் மேலதிகாரிதான் எழுதுவார். இந்த மாதிரிச் சின்ன அறிக்கைக்குத்தான் என் கையெழுத்து செல்லும். வாசலில் நீங்கள் மாட்டியது அதைத்தான்.

இன்னொரு பெட்டி பார்சலில் வருகிறது. பாட்டிலைக் கழுவ வேண்டாம். பம்பைக் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு, வருகிற தண்ணீரை மெதுவாக, வழியாமல் விளிம்பு வரை பிடித்து மூடுங்கள். கவிழ்த்துப் பார்த்தால் குமிழி இருக்கக் கூடாது, பெட்ரோல் அதற்குள் ஆவியாகிவிடும்.

அதுவரை குழந்தையை மட்டுமாவது அந்தத் தண்ணீரிலிருந்து விலக்குங்கள். இதைக் கடைக்காரர் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள்.

கட்டி

*

ஏப்ரல் 29

என் கட்டிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபமும் இல்லை. பேனாவை எடுத்தால் கை நகரவில்லை, அவ்வளவுதான்.

கழுவினேன். பாட்டிலின் அடியில் யாரோ இரண்டு சொட்டு மிச்சம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், என்ன ஆபீஸ் இது என்று திட்டிக்கொண்டே சோப்புப் போட்டுக் கழுவினேன். பம்புத் தண்ணீரைப் பானையில் கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி, ஆறவைத்துத்தான் ஊற்றினேன். விருந்தாளிக்கு வைப்பதைவிடச் சுத்தமாக வைத்தேன். எங்கே தப்பு என்று இரண்டு வாரம் எனக்கு நானே வழக்குப் பேசிப் பார்த்தேன். தோற்றுவிட்டேன்.

உன் இரண்டாவது கடிதம் வந்த அன்றே சட்டத்தைக் கழற்றிவிட்டேன். ஒவ்வொரு வீடாகப் போனேன். முழங்கால் ஒவ்வொரு வாசலிலும் கணக்குக் கேட்டது. "எம் பேத்தி தப்பாப் பாக்கல, நாந்தான் தப்பாக் குடுத்துட்டேன்" என்று சொல்லிச் சொல்லி வாய் காய்ந்துவிட்டது. லாரி டிரைவரின் மனைவி "பேத்தியக் காப்பாத்தத்தான பாட்டி இப்படிச் சொல்றீங்க" என்றாள். கடைக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

பின்கட்டுக்குக் கடைசியாகத்தான் போனேன். தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னதும் நிறுத்தினாள்.

"அப்பவே சொன்னேன்ல பாட்டி, ஒரு மாதிரி இருக்குன்னு."

"சொன்னே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன் மூக்கைப் பரிசோதிக்கணும்னு சொன்னேன்."

அவள் சிரிக்கவில்லை. குழந்தையின் கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். சிவந்து தடித்திருக்கிறது. வாயோரம் தோல் உரிகிறது. கொஞ்ச நாளாகவே அப்படித்தானாம், என்னிடம் சொல்ல யோசித்தாளாம். நானே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். "தண்ணிய மாத்துங்க, ரத்தம் எடுத்துப் பாக்கலாம்" என்றார். நீ அனுப்பிய பாட்டில் அளவு ஊசி. அந்தக் கையில் எங்கே நரம்பைக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வாடை தெரியவில்லை என்று உனக்கு எழுதினேன். அது பொய். போன மழைக்குப் பிறகு ஒருநாள் பம்பை அடித்தபோது வந்தது. உன் தாத்தாவின் சட்டை வாடை. முப்பது வருஷம் துவைத்தவளுக்குத் தெரியாதா? எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அவர் போன பிறகு சட்டைகளையெல்லாம் எடுத்துக் கொடுத்தாகிவிட்டது, அலமாரியில் வெறும் பலகைதான். அது தண்ணீரில் வந்ததும் நான் குடத்தை மூடாமல் வைத்தேன். ராத்திரி எழுந்து ஒரு டம்ளர் குடிப்பேன். அவள் வந்து ஒரு மாதிரி இருக்கிறது என்றதும் எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டு மனிதரைச் சொன்னது போல.

பாட்டில்களில் தண்ணீரைப் பிடித்து அனுப்பிவிட்டேன். கழுவவில்லை. குமிழி இல்லை. இதில் இருப்பதுதான் இருக்கிறது.

உன் பாட்டி

*

மே 20

அன்புள்ள பாட்டிக்கு,

அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது? நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

இருக்கிறது, பாட்டி. நிறைய. பென்சீன் என்று ஒன்று, ரத்தத்தைக் கெடுக்கிற சாமான், குடிக்கக் கூடிய அளவைப் போலப் பல மடங்கு. குடிக்க வேண்டாம், சமைக்க வேண்டாம், குளிக்கவும் வேண்டாம். நீங்களும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். ராத்திரி ஒரு டம்ளர் என்று எழுதியதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. எத்தனை மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. டாக்டரிடமாவது மறைக்காமல் சொல்லுங்கள்.

பழைய அறிக்கை தவறு என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்தில் நிற்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டார். கொஞ்ச நாளைக்கு என் கையெழுத்து எங்கும் செல்லாது. குழாய் பிடிக்கலாம், அதற்குத் தடையில்லை.

பங்க்காரர்கள் செலவில் ஆட்கள் வந்து உங்கள் கொல்லையில் துளை போட்டுப் பார்ப்பார்கள். நான் வரக் கூடாது, சொந்தக்காரி என்பதால். வருகிற ஆட்கள் எனக்குத் தெரிந்தவர்கள்தான். அவர்களுக்கு உட்கார நிழல் காட்டுங்கள், அது போதும். அவர்கள் குழாயை எதுவும் துடைத்துவிடாதீர்கள்.

இப்போதெல்லாம் எந்த ஊரில் துளை போட்டு அந்த வாடை வந்தாலும் தாத்தா ஞாபகம் வருகிறது. எனக்கும் அது பிடித்த வாடைதான். அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேனோ என்னவோ.

கட்டி

*

ஜூன் 11

என் கட்டிக்கு,

இந்த முறை பிள்ளைகளின் பெருமையை எழுதவில்லை. எல்லாரும் அவரவர் இடத்தில் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

குழந்தையின் கன்னம் ஆறிவிட்டது. முதல் ரத்தத்தில் கோளாறு இல்லையாம், ஆனால் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம். அந்த ஆறு மாதம் எப்படிப் போகும் என்று தெரியவில்லை. தையல்காரி காலி செய்துவிடுவாள் என்று நினைத்தேன். "வேற எங்க போறது பாட்டி" என்று மட்டும் சொன்னாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போது என்னைக் கூப்பிடுகிறாள், தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுகிறாள், நானும் மோந்து பார்த்துக் கொடுக்கிறேன். எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தால் எழுதுகிறேன், மறைக்க மாட்டேன்.

உன் ஆட்கள் வந்தார்கள். கொல்லையில் துளை போட்டுக் குழாய் இறக்கினார்கள். அந்த வாடை வீடு முழுக்க நின்றது. நான் கதவைச் சாத்தவில்லை, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன், போகட்டும் என்று. பம்பின் கைப்பிடியைக் கழற்றிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன், என் கையில் இருந்தால் என்னை நான் நம்பமாட்டேன். தண்ணீர் லாரியில் வருகிறது. வரிசையில் நிற்கிறோம். லாரி டிரைவரின் மனைவி தனக்கு முன்னால் எனக்கு இடம் விடுகிறாள், நான் பின்னாலேயே நின்றுகொள்கிறேன்.

வந்த ஆட்களில் ஒருத்தி, தலையில் மஞ்சள் தொப்பி, முழங்கால் வரை சேறு, முகத்தில் பாதி தெரியவில்லை. பாட்டிலை நிரப்பி, கவிழ்த்து, வெளிச்சத்தில் பிடித்துக் குமிழி இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நான் அவள் கிட்டே போய் நின்றேன். நீ இல்லை என்று தெரியும். இருந்தாலும் அவளிடம் கேட்டேன், "எம் பேத்தியும் இப்படித்தான் இருப்பாளாம்மா?" "இதவிட அழுக்கா இருப்பாங்க பாட்டி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வாசலில் சட்டம் தொங்கிய ஆணி அப்படியே இருக்கிறது. வெள்ளைக் கோட்டு வேண்டாம், ஸ்டுடியோ வேண்டாம். நல்ல மாதிரியாக எடுக்காதே. இருக்கிறபடி ஒன்று எடுத்துத் தபாலில் போடு. அதற்கு முன்னால் முகத்தைக் கழுவிவிடாதே.

உன் பாட்டி